பெரட்டுக்கு வராதவர்கள்

கல்லில் பெயர் வெட்ட வேண்டுமானால் இறந்த தேதி வேண்டும் என்று கேட்டார்கள். நான் கொடுத்தேன். கொடுத்தது தப்பு.

தேதி விஷயத்தில் நான் கறாரானவன். சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தபோது பெட்டிகளின் மேல் தேதி முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றினால் அதன் மேல் தேதி எழுதுவேன். ஊறுகாய் ஜாடியின் அடியில் தேதி இருக்கும். புத்தகம் வாங்கினால் முதல் பக்கத்தில் வாங்கிய நாள், கடைசிப் பக்கத்தில் படித்து முடித்த நாள். எங்கள் ரப்பர்த் தோட்டத்தைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறேன். தொழிலாளர் குடியிருந்த எந்த லயன் எப்போது இடிந்தது, கோயில் எப்போது இடம் மாறியது, கித்தா மரங்களை வெட்டிவிட்டு எப்போது செம்பனை நட்டார்கள், செம்பனையையும் பிடுங்கிவிட்டு எப்போது வீடு கட்டினார்கள். யாரும் கேட்டு எழுதவில்லை. கேட்க மாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் எழுதினேன்.

அதனால், அரசாங்கம் எங்கள் பழைய பெரட்டுக் களத்தில் நினைவுக்கல் வைக்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் முதலில் எனக்குத்தான் போன் செய்தார். செண்டாயான் போகும் புதுச் சாலையில் அந்த இடத்தை இன்று பார்ப்பவருக்கு அது ஒரு தாமான் குடியிருப்பின் மூலையில் இருக்கும் பூங்கா. ஊஞ்சல், சறுக்குமரம், வயதானவர்கள் காலை வீசிப் பழகுவதற்குக் கம்பிகள். விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்பும் பெரட்டு அங்கேதான் நடந்தது. சப்பான்காரன் வந்த மறுவருஷம், 1943-இல், அங்கேதான் லாரி வந்து நின்றது. சயாம் ரயில் பாதை போட எங்கள் ஆட்களை ஏற்றிச் சென்றது. ஏற்றப்பட்டவர்களில் ஒருவர் என் பெரியப்பா. நான் அவரைப் பார்த்ததில்லை. நான் போருக்குப் பின் பிறந்தவன். அவர் மகளும் அவரைப் பார்த்ததில்லை. லாரி வந்தபோது அவள் வயிற்றில் இருந்தாள்.

அவள்தான் எனக்கு அக்கா. எண்பதைத் தாண்டிவிட்டாள். சிரம்பானில் மகன் வீட்டில் இருக்கிறாள். கண்ணில் புரை, முழங்காலில் வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

அந்த ரயில் பாதையைப் பற்றி என் அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் உண்டு. பெரும்பாலும் சிப்பாய்கள் எழுதியவை, அல்லது சிப்பாய்களைப் பற்றியவை. காலரா, காடு, மழை, அடி எல்லாம் வரும். எங்கள் ஆட்கள் வருவது கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பத்தியில். ‘எண்ணிக்கை சரியாகத் தெரியாத ஆசியத் தொழிலாளர்கள்’ என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஒருமுறை சயாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். ஆற்றுப் பக்கத்தில் சிப்பாய்களின் கல்லறை. வெட்டி ஒழுங்கு செய்த புல், ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, தேதி. என்னைப் போன்ற தேதிப் பைத்தியத்துக்குக் கண் நிறைந்துவிடும். எங்கள் ஆட்கள் எங்கே என்று அங்கே ஒரு வண்டியோட்டியிடம் கேட்டேன். அவர் கரும்புக் கொல்லையைப் பார்த்துக் கையை ஒரு வீசு வீசினார். கை போன இடமெல்லாம் அவர்கள்தான் என்று அர்த்தம்.

ஆகவே கல் வருகிறது என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

கல்லின் வாசகத்தைக் காட்டுவதற்கு மாநில அலுவலகத்திலிருந்து ஒருவர் கோயிலுக்கு வந்தார். இளைஞர், நம் பிள்ளை. கழுத்தில் அடையாள அட்டை, காலில் பளபளவென்று சப்பாத்து. சயாமுக்கு ஆள் போயிருந்த குடும்பங்களை அழைத்திருந்தார்கள். அக்காவை நான் காரில் கூட்டி வந்தேன். அந்த இளைஞர் எழுந்து நின்று வாசித்தார்.

“போர்க்காலத்தில் சயாம் ரயில் பாதைப் பணியில் உயிர்நீத்த தோட்டத் தொழிலாளர்களின் நினைவாக.”

“எவன் பணி?” என்றாள் அக்கா.

அவர் தலையைத் தூக்கினார். “ஆன்ட்டி?”

“பணின்னா யாரு குடுத்த பணி? எங்கப்பா என்னா இன்டர்வியூவுக்கா போனாரு? துப்பாக்கிய நீட்டி லாரியில ஏத்துனான்லா. அத எழுது.”

“இது ஒரு மரியாதைக்குப் போடுறது ஆன்ட்டி.”

“மரியாதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல நடந்தத எழுது.”

தலைவர் சிரித்துக்கொண்டே இடையில் புகுந்தார். “அக்கா, இவ்ளோ வருஷம் கழிச்சி இப்பத்தான் குடுக்க வர்றாங்க. கைய நீட்டி வாங்கிக்குவோம்லா.”

“நீ வாங்கிக்க. ஒங்க வீட்டுல யாரு போனா?”

தலைவர் வீட்டில் யாரும் போகவில்லை. அவர் குடும்பம் பிறகு வேறு தோட்டத்திலிருந்து வந்தது. அந்த இளைஞர் மட்டும் கோபப்படாமல் குறித்துக்கொண்டார். பிறகு நான் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, அவரும் மேலே பேசி, ‘பணியில் உயிர்நீத்த’ போய், ‘வலிந்து கொண்டுசெல்லப்பட்ட’ வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம் என்று பின்னால் யாரும் எழுதிவிடக் கூடாது.

திறப்பு விழாவில் யாங் பெர்ஹோர்மாட், அதாவது ஒய்.பி. என்று நாங்கள் சொல்லும் சட்டமன்ற உறுப்பினர், ஒருவர் வருவார் என்றும், கல்லில் உள்ள பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள் என்றும் அந்த இளைஞர் அன்றைக்குச் சொன்னார். திரும்பும் வழியில் அக்கா அதையே பிடித்துக்கொண்டாள்.

“நெசமாவே வாசிப்பாங்களாடா?”

“வாசிப்பாங்கன்னுதான் சொன்னாரு.”

“அரசாங்கத்து ஆளு வாசிப்பானா, நம்ம தலைவரா?”

“அரசாங்கத்து ஆளுதான்.”

“அது போதும்டா எனக்கு. அரசாங்கத்து வாயால எங்கப்பா பேர ஒரு தடவ கூப்புட்டா போதும். கேட்டுட்டுப் போய்ச் சேந்துடுவேன்.”

அக்கா எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. புரை அறுவைக்கு வா என்றால் வரமாட்டாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால் வாயை மூடு என்பாள். இது ஒன்றைத்தான் கேட்டாள்.

இரண்டொரு வாரத்தில் அந்த இளைஞர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த தேதி மூன்றும் வேண்டும் என்றார். என்னைத் தவிர யார் கொடுக்க முடியும் என்ற நினைப்பு எனக்கு. பெரியப்பாவுக்குப் படையல் வைப்பது சித்திரை மாதத் தேய்பிறைப் பஞ்சமியில். சிறு வயதிலிருந்து நான் பார்த்துவரும் நாள். பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, 1943-ஆம் வருஷத்துச் சித்திரையில் அந்தப் பஞ்சமிக்கு நேரான ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்து, இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன். அந்த ஆங்கிலத் தேதியை இங்கே எழுத மாட்டேன். அது ஒருமுறை தப்பான இடத்தில் நின்றது போதும்.

கல்லின் மாதிரிப் படம் போனில் வந்தது. கறுப்புக் கல், வெள்ளை எழுத்து. பெரியப்பாவின் பெயர் மூன்றாவது வரியில். உடனே சிரம்பானுக்குப் போய் அக்காவிடம் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு பார்த்தாள். விரலால் பெயரைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். முகம் மலர்ந்தது. பிறகு பக்கத்திலிருந்த எண்களைப் பார்த்தாள்.

“இது என்னா தேதி?”

“பெரியப்பா திதி அக்கா. பஞ்சமிய வச்சி இங்கிலீஷ் தேதி எடுத்தேன்.”

“அது அவரு செத்த நாளுன்னு யாரு ஒனக்குச் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியதில்லை என்றல்லவா இருந்தேன்! நம்மில் எந்த வீட்டிலும் படையல் வைக்கும் திதி, இறந்த திதிதான். சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு உயிரோடு திரும்பியவர் ஒருவர் உண்டு. அவர் கொண்டுவந்த சேதியாக இருக்கும் என்று நானாகவே வைத்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்குத்தான்டா லாரி வந்துச்சி” என்றாள் அக்கா. “எங்கம்மா வாயால நூறு தடவ கேட்டிருக்கேன். நீ அவர லாரியில ஏத்துன அன்னிக்கே சாவடிச்சிட்ட.”

போனை என்னிடம் நீட்டினாள்.

அந்தப் படையலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வேறு தோட்டங்களில் இப்படி உண்டா என்று விசாரித்திருக்கிறேன். இருப்பதாகத் தெரியவில்லை.

பெரட்டில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். வந்திருப்பவர் குரல் கொடுப்பார். வராதவருக்கு அவர் வீட்டு ஆள் ‘வரல’ என்று சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் வெட்டுப்பட்டால் லயத்து வீடு போய்விடும். போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பழைய செக்ரோலையே எடுத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சயாமுக்குப் போனவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. பெரியப்பாவின் பெயரைக் கூப்பிட்டபோது, இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியம்மா ‘வரல’ என்றாள். மறுநாளும் ‘வரல’. அதற்கு மறுநாளும். மற்ற பெண்களும் அப்படியே சொன்னார்கள். கிராணிக்கு அலுத்துவிட்டது.

“செத்துட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. பேர வெட்டிட்டு ஒம் பேருல வீட்ட எழுதிடறேன்” என்றாராம்.

“செத்தத நீங்க பாத்தீங்களா?”

“நான் எப்படிப் பாக்கறது?”

“அப்ப நீங்க கூப்புடுங்க. நான் வரலன்னு சொல்றேன். அவ்ளோதான் ஒங்க வேல.”

வீடு தன் பெயருக்கே வருகிறது என்றபோதும் அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. கிராணி நல்ல மனுஷன் போலிருக்கிறது. சில மாதங்கள் கூப்பிட்டார். பிறகு துரை பார்த்துவிட்டு எல்லாப் பெயர்களையும் தன் கையாலேயே வெட்டினார். அடுத்த சித்திரையில், லாரி வந்த அதே பஞ்சமியன்று, வேலை முடிந்த மாலையில் அந்தப் பெண்கள் பெரட்டுக் களத்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தார்கள். மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். பெரட்டுக்கு அடிக்கும் தண்டவாளத் துண்டை ஒருத்தி அடித்தாள். சயாமிலிருந்து திரும்பியவர் நின்று பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டார் ‘வரல’ என்றார்கள். கூப்பிட்ட மனிதர் அங்கே என்ன பார்த்தார் என்று சாகும்வரை சொல்லவில்லை. யார் கேட்டாலும் ‘நான் பாக்கல’ என்பார். காலில் எலும்புவரை போய் ஆறிய புண்ணின் பள்ளம் இருக்கும். அதை மட்டும் பார்க்கலாம்.

தண்டவாளத் துண்டு என்றேன். தோட்டங்களில் மணிக்குப் பதிலாக அதைத்தான் கட்டித் தொங்க விடுவார்கள். அதில் உள்ள கொடுமையைப் பற்றி அந்தப் பெண்கள் பேசியதாக நினைவில்லை. சத்தமாகக் கேட்டது, அடித்தார்கள்.

சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன். எங்கள் வரிசை வந்ததும் பெரியம்மா ‘வரல’ என்பாள். அழுகை இருக்காது. எதிரே நிற்பவர் பணம் குறைவாகக் கொடுத்தால் எப்படிச் சொல்வாளோ அந்தக் குரல். நெற்றியில் பொட்டு இருக்கும். கழுத்தில் தாலி இருக்கும். அவள் சிரம்பான் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, தாலியைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று உறவில் சிலர் நின்றார்கள். அக்கா பிரேதத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, “எங்கப்பா செத்தத பாத்தவன் யாராச்சும் இருந்தா வந்து கழட்டுங்க” என்றாள். யாரும் வரவில்லை. பெரியம்மா மஞ்சள் பூசி, பூ வைத்து, சுமங்கலியாகப் போனாள்.

லாரி வந்த நாள் அந்தப் பஞ்சமிதான் என்பதைத் தவிர இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பஞ்சாங்கத்தை நம்பி, துரையின் வேலையை நானே செய்துவிட்டேன்.

மறுநாளே அந்த இளைஞரைப் பார்க்கப் போனோம். சிரம்பானில் அவர் அலுவலகம், குளிரூட்டி போட்ட அறை. அக்கா சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“சரி அங்கிள், அந்தத் தேதிய எடுத்துடலாம். வேற என்ன தேதி போடறது?”

“இறந்த தேதி தெரியாது. கொண்டுபோன தேதி தெரியும். அதையே போட்டு, ‘கொண்டுசெல்லப்பட்ட நாள்’னு எழுதுங்க.”

அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். “முடியாதுன்னுட்டாங்க அங்கிள். போலீஸ், ராணுவம் எல்லார் கல்லுக்கும் வச்ச அதே அமைப்பு. எறந்த தேதி இல்லாட்டி பேரு தனியா வராது. கடைசி வரியில போயிடும்.”

“கடைசி வரின்னா?” என்றாள் அக்கா.

“டான் லாயின்-லாயின்னு இருக்கும் ஆன்ட்டி. தமிழ்ல, மற்றும் பலர்.”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “ஆன்ட்டி, நான் சொன்னேன்னு இல்ல. ஏதாச்சும் ஒரு தேதி சொல்லி, சத்தியப் பிரமாணம் வாங்குற கமிஷனர் முன்னால சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டா போதும். நெறைய பேரு அப்படித்தான் குடுத்திருக்காங்க. ஒரு குடும்பம் ஜனவரி ஒன்னு போட்டிருக்கு. இன்னொருத்தவங்க பேரப்பிள்ள பொறந்தநாள போட்டிருக்காங்க, ஞாபகம் இருக்கும்னு.”

அக்கா சிரித்துவிட்டாள். “கேக்கு வெட்டிட்டு, படையலும் வச்சிடலாம். வேல மிச்சம்.”

அவரும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அவர் மேல் கோபமும் இல்லை. என் கோபம் அந்த அமைப்பின் மேல். துப்பாக்கி பிடித்தவன் எங்கே விழுந்தான் என்று எழுதி வைக்க அவன் பக்கத்தில் ஒருவன் இருந்தான். மண்வெட்டி பிடித்தவன் விழுந்தால் எழுதி வைக்க யாருமில்லை. எழுதாமல் விட்டது அவன் குற்றமா? அவனைக் கொண்டுபோனவனும் எழுதவில்லை, அவன் யாருடைய பிரஜையாக இருந்தானோ அந்த அரசும் தேடவில்லை. இப்போது அந்த எழுதாத தேதியைக் கொண்டுவா என்று அவன் மகளிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அந்த மேசையில் இதைச் சொல்லவும் செய்தேன். அவர் தலையை ஆட்டினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க அங்கிள். கல்லு வெட்டக் குடுக்கணும்.”

வெளியே வந்து பக்கத்துக் கடையில் தேநீர் குடித்தோம். அக்கா குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்தாள்.

“ஆசையாத்தான்டா இருக்கு” என்றாள்.

“போடுவோமா அக்கா? கல்லுல பேரு நின்னுடும். தேதி யாரு பாக்கப் போறா?”

இதைச் சொன்னது நான். தேதிக்காக வாழ்ந்தவன். அவள் அந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அப்போது எனக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை.

“நான் பாப்பேன்ல?” என்றாள். “எங்கம்மா வீட்டுக்காகச் சொல்லாதத, நான் ஒரு கல்லுக்காகச் சொல்லவா? அதுவும் சத்தியம் பண்ணி?” தேநீரைக் குடித்து முடித்தாள். “அழிக்கச் சொல்லு. பேரையும் சேத்து.”

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அங்கிருந்தே போன் செய்து சொன்னேன். தலைவர் அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார். “ஒரு நம்பருக்காகவா இப்படி? ஒங்க அக்காவுக்குப் புடிவாதம் புடிச்சா ஒங்களுக்குமா?” என்றார். ஆமாம் என்றேன். எனக்கும்தான்.

விழாவன்று பந்தல் போட்டிருந்தார்கள். மேளம், மாலை, பொட்டலம் கட்டிய நாசி லெமாக் சோறு. கோயிலிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன. அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். காலையிலேயே பட்டுச்சேலை கட்டி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பூங்காவில் அவள் சக்கர நாற்காலியை நிறுத்த இடம் தேடியபோது, “முன்னால தள்ளு” என்றாள். முதல் வரிசைக்கும் முன்னால் தள்ளினேன்.

யாங் பெர்ஹோர்மாட் திரையை விலக்கினார். கறுப்புக் கல்லில் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. அவற்றில் எத்தனை மெய் என்று கல்லுக்கே தெரியாது. கடைசி வரி, மற்றும் பலர். எங்கள் இளைஞர் ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் எழுந்து போய் ரோஜா வைத்தார். கடைசிப் பெயரும் முடிந்து, ‘மற்றும் பலர்’ என்று வாசித்து அவர் தாளை மடித்தார்.

“தம்பி, இன்னும் பேரு இருக்கு” என்றாள் அக்கா.

சொன்னேனே, வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. பந்தல் முழுக்கக் கேட்டது.

தலைவர் ஓடி வந்தார். “அக்கா, அப்புறம் பேசிக்கலாம்லா. ஒய்.பி. இருக்காரு.”

“இருக்கட்டும். அவரும் கேக்கட்டும்.” இளைஞரைப் பார்த்துச் சொன்னாள். “மத்தவங்கன்னு சொன்னியே, அதுல ஒருத்தர் எங்கப்பா. பேரு ஒனக்குத் தெரியும். கூப்புடு.”

அவர் திரும்பி மேடையைப் பார்த்தார். மேடையில் யாரும் தலையசைக்கவில்லை. யாரோ சைகை காட்ட, ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். கர்ரென்ற சத்தம் அடங்கியதும் பூங்கா அமைதியாகிவிட்டது.

“அந்த இரும்ப அடிடா” என்றாள் அக்கா என்னிடம்.

அந்தத் தண்டவாளத் துண்டு இப்போதும் கோயில் முன்னால் தொங்குகிறது. கோயில் பூங்காவுக்கு அடுத்த வாசல். நான் போய் அடித்தேன். இந்த வயதில் அத்தனை பேர் முன்னால் கம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டாவது அடியில் கூச்சம் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தபோது அந்த இளைஞர் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றிருந்தார். கழுத்தில் அரசாங்க அட்டை. பெரியப்பாவின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, வெறும் தொண்டையால் கூப்பிட்டார்.

“வரல” என்றாள் அக்கா.

பெரியம்மாவின் அதே குரல். பின்னால் ஒரு கிழவர் எழுந்து தன் மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். இளைஞர் கூப்பிட்டார். ‘வரல’. இன்னொரு வீட்டார். ‘வரல’. கல்லில் பெயர் இருந்த குடும்பம் ஒன்றும் எழுந்தது. ஜனவரி ஒன்று போட்டவர்கள். “எங்களதயும் கூப்புடுங்க தம்பி” என்றார்கள். யாங் பெர்ஹோர்மாட் சிறிது நேரம் நின்றார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. பிறகு அவரை அழைத்துப் போய்விட்டார்கள். பெயர்கள் முடியவில்லை.

கல்லில் எதுவும் மாறவில்லை. இன்றும் போனால் ‘மற்றும் பலர்’ என்றுதான் இருக்கும். அந்த இளைஞருக்கு அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. என்ன பதில் கொடுத்தார் என்று கேட்டேன். “கூப்புட்டேன், வரலன்னாங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன் அங்கிள்” என்றார். ‘கொண்டுசெல்லப்பட்ட நாள்’ என்று எழுத வேண்டும் என்ற மனு என்னிடம் தயாராக இருக்கிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். தலைவரும் போட்டிருக்கிறார்.

அன்று காரில் அக்கா நாசி லெமாக் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு வந்தாள். சந்தோஷமா என்று கேட்டால் திட்டுவாள் என்று நான் கேட்கவில்லை.

“நல்லாத்தான் கூப்புட்டான் பையன்” என்றாள், நெத்திலியைப் பொறுக்கிக்கொண்டே. “ஆனா ரொம்ப மெதுவா. பெரட்டுன்னா லயத்துக் கடைசி வீட்டுக்குக் கேக்க வேணாமா?”

“அடுத்த தடவ சத்தமா கூப்புடுவாரு.”

“பஞ்சமிக்குக் கூட்டிட்டு வா. சொல்லிக் குடுக்கலாம்.”